வக்கீல் இல்லாதவருக்கு வாய் இல்லையா?

கலிபோர்னியாவின் சாலையொன்றில் அளவை மீறிய வேகத்தில் வண்டியோட்டியதாகப் போலீஸ்காரர் ஒருவர் டிக்கெட் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், அதைப் பெற்றவருக்கு உறவினரும் நண்பரும் உடன் வேலை செய்வோரும் சொல்லும் புத்திமதி பெரும்பாலும் ஒரே விதமாகவே இருக்கிறது: பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடு, அதற்கு மனமில்லையென்றால் நல்ல வக்கீலாகப் பார்த்து அவரிடம் ஒப்படைத்துவிடு, நீயே போய் நியாயஸ்தலத்தில் நிற்பது மட்டும் வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து சென்று சான் ஹோஸேயிலும் ஃப்ரீமாண்டிலும் இர்வைனிலும் குடியேறி வாழும் நம்மவரிடையே இந்த அபிப்பிராயம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கோர்ட்டுப் படி ஏறுவதே குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு என்ற பழைய அச்சத்தோடு, விசாவுக்குப் பங்கம் வந்துவிடுமோ என்ற புதிய அச்சமும் அவர்களிடம் சேர்ந்துகொண்டுவிட்டது.

இந்த அபிப்பிராயத்தைப் பரிகசித்துத் தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. அதைச் சொல்பவர்கள் அன்பினால் சொல்கிறார்கள், மூன்று காரணங்களையும் காட்டுகிறார்கள். சட்டம் என்பது பல வருஷம் பயின்றவர்களுக்கே விளங்கும் வித்தை, அதில் சாமானியர் தலையிட்டால் தாமே தமக்குக் குழி வெட்டிக்கொள்வார் என்பது முதற்காரணம். எதிர்வழக்காடுவதற்குச் செலவாகும் பொழுதையும் சிரமத்தையும் கூட்டிப் பார்த்தால் அபராதமே மலிவு என்பது இரண்டாவது. வேகமாகச் சென்றது உண்மையாக இருக்கையில் குற்றமற்றவன் என்று வாதிடுவது நாணயமாகாது என்பது மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தாலும் ஒரே பிழையான எண்ணத்தின்மேல் நிற்கின்றன: போக்குவரத்து நியாயஸ்தலத்தில் சட்டத்தின் நுட்பங்களே தீர்மானிக்கப்படுகின்றன என்ற எண்ணம் அது. உண்மையில் அங்கே தீர்மானிக்கப்படுவது, இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்ன நிலையிலிருந்த சாலையில் நடந்தது என்ன என்பதுதான். அதை நேரில் கண்டவர் இருவர். அவர்களுள் ஒருவர் வாய் மூடியிருப்பதே விவேகம் என்று உபதேசிப்பதுதான் நான் மறுக்க முற்படும் கொள்கை.

முதலில், அந்தக் காகிதம் எத்தகையது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். டிக்கெட்டின் அடியில் கையெழுத்திடுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. குறிப்பிட்ட தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்வதாகக் கொடுக்கும் வாக்குறுதி மட்டுமே அது. அந்த வாக்குறுதியை மீறி வாளா இருந்துவிடுவதுதான் தனிக் குற்றமாகிறது. ஆகவே டிக்கெட்டை அலமாரிக்குள் வைத்துவிட்டு மறந்துபோவதைவிட அபாயகரமான செயல் வேறொன்றும் இல்லை. சாதாரண வேகமீறல் கலிபோர்னியச் சட்டத்தில் ‘இன்ஃப்ராக்ஷன்’ என்னும் வகுப்பைச் சேர்ந்தது. அதற்குச் சிறைத் தண்டனை கிடையாது. சிறைத் தண்டனை இல்லாமையால்தான் ஜூரி விசாரணையும் இல்லை, அரசாங்கச் செலவில் வக்கீலும் இல்லை. கோர்ட்டுப் படி ஏறியவுடன் கைவிலங்கு பூட்டிவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

சிறையில்லை என்பதனால் இது அற்ப விஷயம் என்று கொள்வதும் பிழை. எல்லைக்கு மேல் 15 மைல் வரையிலான வேகத்துக்கு அடிப்படை அபராதம் 35 டாலர்தான்; ஆனால் மாநிலத்தின் மேல்வரி, மாவட்டத்தின் மேல்வரி, கோர்ட்டுக் கட்டடத்துக்கான வரி, கோர்ட்டு நிர்வாகக் கட்டணம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கட்ட வேண்டிய தொகை 230 டாலரைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல், ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு புள்ளி விழுகிறது. பன்னிரண்டு மாதத்தில் 4 புள்ளி, இருபத்துநான்கு மாதத்தில் 6 புள்ளி, முப்பத்தாறு மாதத்தில் 8 புள்ளி என்று சேர்ந்துவிட்டால் கவனமற்ற ஓட்டுநர் என்ற பட்டத்தோடு லைசென்ஸே பறிபோகக்கூடும். அந்தப் புள்ளியைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டணத்தை உயர்த்துவதோ ஒரு வருஷத்தோடு நிற்பதில்லை. “கட்டிவிட்டு மறந்துவிடு” என்பவர்கள், பணத்தைக் கட்டுவதும் குற்றத் தீர்ப்பாகவே பதிவாகிறது என்பதையும், நாம் மறந்தாலும் பதிவேடு மறப்பதில்லை என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி முதற்காரணத்துக்கு வருவோம். தனக்குத் தானே வக்கீலாக நிற்பவன் ஒரு மூடனையே கட்சிக்காரனாகப் பெற்றிருக்கிறான் என்ற ஆங்கிலப் பழமொழியை இவர்கள் பிரம்மாஸ்திரமாகப் பிரயோகிக்கிறார்கள். இந்தப் பழமொழி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டிலேயே ஒருமுறை எடுத்தாளப்பட்டு, தோற்றும் போனது. கலிபோர்னியாவில் பெருந்திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட அந்தோணி ஃபாரெட்டா என்பவர், அரசாங்க வக்கீல்களின் வேலைப்பளுவைக் காரணம் காட்டி, தம் வழக்கைத் தாமே நடத்த அனுமதி கோரினார். நியாயாதிபதி முதலில் இசைந்தார். பின்னர் அவரை அழைத்து, செவிவழிச் சாட்சியத்தைப் பற்றிய விதிகளையும் ஜூரர்களை ஆட்சேபிக்கும் முறைகளையும் குறித்துப் பரீட்சை நடத்துவதுபோல வினவி, விடைகள் திருப்தியாக இல்லையென்று கண்டு, கொடுத்த அனுமதியைப் பறித்துக்கொண்டார். 1975-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் இதைச் செல்லாதென்று தீர்த்தது. தன் வழக்கைத் தானே நடத்துவது அரசியல் சாசனம் காக்கும் உரிமை. விஷயம் தெரிந்து மனமுவந்து ஒருவர் அதைத் தேர்ந்துகொண்டாரா என்பதே கேள்வி. அவருடைய சட்டஞானம் எவ்வளவு என்பது அங்கே பொருட்டன்று என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அந்தப் பழமொழியை நினைவூட்டியவர் மாறுபட்ட தீர்ப்பெழுதியவர்களுள் ஒருவரான நீதிபதி பிளாக்மன்.

இந்த வழக்கை நான் எடுத்துக்காட்டுவது, உரிமை இருப்பதாலேயே அதை உபயோகிப்பது நல்லதாகிவிடும் என்று சாதிப்பதற்கன்று. பெரும்பாலான குற்ற வழக்குகளில் வக்கீலின் துணை உள்ள வாதமே மேலானது என்பதை அந்தப் பெரும்பான்மையினரும் ஒப்புக்கொண்டார்கள். பெருந்திருட்டு வழக்கில் ஜூரர் தேர்வும், அத்தாட்சி விதிகளும், தண்டனைப் பேரமும், சிறையும் இருக்கின்றன. அங்கே பழமொழிக்கு ஓரளவு இடமுண்டு. அவற்றுள் ஒன்றுமில்லாத ஒரு சிறு விசாரணைக்கு அதே பழமொழியைக் கொண்டுவந்து பயமுறுத்துவதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

அந்த விசாரணை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். வேகமீறல் விசாரணைகளில் அரசாங்கத்தின் சார்பில் பிராசிக்யூட்டர் பெரும்பாலும் வருவதே இல்லை. டிக்கெட் எழுதிய போலீஸ்காரர் வருகிறார். சத்தியப் பிரமாணம் செய்து தாம் கண்டதைச் சொல்கிறார். தெளிவு வேண்டிய இடத்தில் நியாயாதிபதியே அவரைக் கேள்வி கேட்கிறார். இப்படி நடத்துவது செல்லும் என்று 1979-ஆம் ஆண்டில் கார்லூச்சி வழக்கில் கலிபோர்னிய சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபோது, நியாயாதிபதி நடுநிலை பிறழாதிருக்க வேண்டும் என்பதே அதன் ஆதாரமாக இருந்தது. ஆகவே சாமானியர் அங்கே மோத வேண்டியது பயிற்சி பெற்ற எதிர்வக்கீலோடு அன்று. அவருக்கு எதிரே நிற்பது ஒரு சாட்சி, அவ்வளவுதான். அந்தச் சாட்சியத்தின் மீதும் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற சுமை, பெருங்குற்ற வழக்கில் இருப்பதுபோலவே முழுமையாக இருக்கிறது. எதிரியில்லாத களத்துக்குச் சேனாதிபதியைக் கூலிக்கு அமர்த்து என்று சொல்பவர்கள் களத்தைப் பார்த்திராதவர்கள்.

“சட்டப் பிரிவுகள் புரியாதே” என்பார்கள். இங்கே புரிந்துகொள்ள வேண்டிய பிரிவுகள் முக்கியமாக இரண்டு. இரண்டும் வாகனச் சட்டத் தொகுப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. 22349-ஆம் பிரிவு உச்ச வேகத்தைச் சொல்கிறது: பொதுவாக மணிக்கு 65 மைல், நடுவே பிரிப்பில்லாத இருவழிச் சாலையில் 55 மைல். இதற்கு மேல் சென்றால் சாலை வெறிச்சோடிக் கிடந்தது, வானம் தெளிவாக இருந்தது என்பனவெல்லாம் எடுபடமாட்டா. சென்றதா இல்லையா என்பது ஒன்றே கேள்வி. 22350-ஆம் பிரிவு அப்படிப்பட்டதன்று. வானிலை, பார்வைத் தெளிவு, போக்குவரத்து நெருக்கம், சாலையின் பரப்பும் அகலமும் ஆகியவற்றைக் கருதி நியாயமானதும் விவேகமானதுமான வேகத்தில் செல்ல வேண்டும் என்பதே அதன் கட்டளை. நகரத்துச் சாலைகளில் பலகையில் எழுதியிருக்கும் எல்லை அநேகமாக இதன்கீழ் வருவது. அதை மீறியது முதல் நோக்கில் குற்றமாகத் தோன்றினாலும், அந்த நிலைமையில் தம்முடைய வேகம் அபாயமற்றதாகவே இருந்தது என்பதைத் தக்க அத்தாட்சியோடு காட்ட ஓட்டியவருக்கு அடுத்த பிரிவாகிய 22351 இடமளிக்கிறது.

சாலை உலர்ந்திருந்தது, நடைபாதையில் ஆளில்லை, முன்னும் பின்னும் வண்டிகள் வெகு தொலைவில் இருந்தன, வளைவோ மறைவோ இல்லை என்பனவற்றைச் சத்தியம் செய்து சொல்லக்கூடியவர் யார்? எவ்வளவு பெரிய வக்கீலாக இருந்தாலும் அவர் அந்தச் சாலையில் அன்று இல்லை. அவர் வாதம் செய்யலாமே ஒழிய சாட்சி சொல்ல முடியாது. வழக்கின் உயிர்நாடியான விஷயத்தில் வக்கீலுக்கு இல்லாத ஒரு தகுதி, வண்டியோட்டியவருக்குப் பிறர் கொடுக்காமலே அமைந்திருக்கிறது. அதைக் கைவிடச் சொல்லும் புத்திமதியை எச்சரிக்கை என்று எப்படிச் சொல்வது?

சட்டம் சாமானியருக்கு வேறொரு சாதனத்தையும் கொடுத்திருக்கிறது. 22350-ஆம் பிரிவின்கீழ் வரும் எல்லை பலகையில் எழுதப்பட்டுவிட்டதாலேயே நியாயமானதாகிவிடாது. அந்தச் சாலையில் மக்கள் இயல்பாக எந்த வேகத்தில் செல்கிறார்கள், விபத்துகள் எத்தனை, கண்ணுக்குப் புலப்படாத அபாயங்கள் உண்டா என்பனவற்றை எஞ்சினீயர்கள் ஆராய்ந்து எழுதிய போக்குவரத்து ஆய்வு அதற்கு ஆதாரமாக இருக்க வேண்டும். நூற்றுக்கு எண்பத்தைந்து வண்டிகள் எந்த வேகத்துக்குள் அடங்குகின்றனவோ அதுவே அந்த ஆய்வின் அச்சாணி. ஆய்வு பழையதாகிப் போயிருக்க, அந்தச் சாலையில் ராடாரோ அதுபோன்ற கருவியோ வைத்துப் பிடித்தால், 40802-ஆம் பிரிவின்படி அது ‘ஸ்பீட் டிராப்’, அதாவது வேகப் பொறி. பொதுக் கெடு ஐந்து வருஷம். அதற்கு மேற்பட்ட பழைய ஆய்வை நம்ப வேண்டுமானால், அதிகாரி 24 மணி நேரத்துக்குக் குறையாத ராடார் பயிற்சி பெற்றிருப்பதும், கருவி மூன்று வருஷத்துக்குள் தகுதியுள்ள பரிசோதனைச் சாலையில் சரிபார்க்கப்பட்டிருப்பதும் காட்டப்பட வேண்டும். பொறி வைத்துத் திரட்டிய சாட்சியத்தின்மேல் குற்றத் தீர்ப்பளிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமே கிடையாது. இதில் விலக்குகளும் உண்டு: உச்ச வேகப் பிரிவுக்கு இது பொருந்தாது, சட்டம் வரையறுக்கும் சிறு தெருக்களுக்கும் பள்ளிக்கூட வட்டாரத்துக்கும் பொருந்தாது. ஆனால் பொருந்தும் இடங்களில், அந்த ஆய்வு நகராட்சியின் பொதுப்பணி அலுவலகத்தில் இருக்கும் பொதுப் பத்திரம். கேட்கிறவர் யாராயினும் பார்க்கலாம். தேதியைப் பார்த்து ஐந்தைக் கூட்டத் தெரிந்தவருக்கு இதில் சட்டக்கல்லூரி எதற்கு?

கருவியின் வார்த்தை வேதவாக்கு என்ற நம்பிக்கையையும் இங்கே கொஞ்சம் ஆராய வேண்டும். 1979-ஆம் ஆண்டில் ஃப்ளோரிடாவின் மயாமி நகரில், நின்ற இடத்தில் நிற்கும் மரம் ஒன்று மணிக்கு 86 மைல் வேகத்தில் செல்வதாகப் போலீஸ் ராடார் காட்டியது தொலைக்காட்சியில் வெளியாகி, அதையொட்டி எழுந்த வழக்கில் அங்குள்ள நியாயாதிபதி ஒருவர் ராடார் சாட்சியங்களை ஏற்க மறுத்தார். அதன்பின் கருவிகள் வெகுவாகத் திருந்திவிட்டன. நின்றுகொண்டு சற்றுக் கோணத்திலிருந்து அளக்கும் ராடார், உள்ளதைவிடக் குறைவான வேகத்தையே காட்டி ஓட்டுநருக்கு அனுகூலம் செய்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கருவி எந்த வண்டியை அளந்தது, அன்றைய தினம் பரிசோதிக்கப்பட்டதா, அருகில் வேறு வண்டிகள் இருந்தனவா என்ற கேள்விகள் அன்றும் நியாயமானவை, இன்றும் நியாயமானவை; இவற்றைச் சாதாரண மொழியில், மரியாதையோடு, ஒவ்வொன்றாகக் கேட்பதற்கு வேண்டியது நிதானம் மட்டுமே.

ஒரு பொறியை மட்டும் எதிர்க்கட்சியார் சரியாகவே சுட்டிக்காட்டுகிறார்கள். சாமானியர் கோர்ட்டில் வாய் திறந்ததும், “நான் எண்பதில் போகவில்லை, எழுபத்திரண்டில்தான் போனேன்” என்று சொல்லி, 65 மைல் எல்லையை மீறியதை நிரூபிக்கும் சிரமத்தைப் போலீஸ்காரருக்கு வைக்காமல் தாமே நிரூபித்துவிடுகிறார். இது உண்மை. இதற்குப் பரிகாரம் பல நூறு டாலர் கொடுத்து வக்கீலை அமர்த்துவதுதானா? தம்முடைய வாக்குமூலத்தைக் கொடுக்கவும் கொடாதிருக்கவும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை உண்டு என்பதையும், உச்ச வேகப் பிரிவின்கீழ் வந்த வழக்கில் வேகத்தைத் தாமாகச் சொல்லுவது வழக்கை ஒப்புவிப்பதாகும் என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அந்தப் பரிகாரம் ஆயிற்று.

இரண்டாவது காரணம் செலவைப் பற்றியது. ஒரு நாள் வேலையை விட்டு, முப்பது மைல் வண்டியோட்டி, கூடத்தில் காத்திருந்து, கடைசியில் தோற்றும் போனால் லாபமென்ன என்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகாமலே வழக்காடும் மார்க்கம் ஒன்றைக் கலிபோர்னியச் சட்டம் பல்லாண்டுகளாகத் திறந்து வைத்திருப்பதை இவர்கள் அறியாதவர்போல் இருக்கிறார்கள். 40902-ஆம் பிரிவின்படி, அபராதத் தொகையை முன்னதாகக் கட்டிவிட்டு, டிஆர்-205 என்ற படிவத்தில் தம்முடைய விளக்கத்தையும் படங்களையும் பத்திரங்களையும் எழுதி அனுப்பலாம். போலீஸ்காரரும் எழுத்து மூலமாகவே தம் சாட்சியத்தை அனுப்புகிறார். நியாயாதிபதி இரண்டையும் வாசித்துத் தீர்ப்பெழுதுகிறார். வென்றால் கட்டிய பணம் திரும்பி வருகிறது. தோற்றாலும் வழக்கு அத்தோடு முடிந்துவிடுவதில்லை: தீர்ப்பை அனுப்பிய நாளிலிருந்து இருபது நாளுக்குள் டிஆர்-220 படிவத்தை அனுப்பினால், முன் தீர்ப்பு எழுதப்படாததுபோலவே நேரில் புதிய விசாரணை கிடைக்கிறது. அதிலும் அதிருப்தியானால் முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். தபால் தலையின் விலைக்கு ஒரு விசாரணை. அது கைகூடாவிட்டால் மற்றொரு விசாரணை. பெரிய வழக்குகளில் கோடீசுவரர்களுக்கும் கிட்டாத இந்த இரட்டைச் சந்தர்ப்பத்தை வேண்டாமென்று விட்டுவிடுவதைச் சிக்கனம் என்று சொல்வது விந்தையாக இருக்கிறது.

நேர் விசாரணையை விரும்புவோரும், விசாரணைக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டினால்தான் கதவு திறக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. ஏழைகளுக்கு நியாயஸ்தலத்தின் வாயிலையே இந்த முன்பணம் அடைத்துவிடுகிறது என்ற கண்டனம் எழுந்ததன் விளைவாக, 2015-ஆம் ஆண்டில் மாநில நீதித்துறைக் கவுன்சில், பொதுவாக முன்பணமின்றியே விசாரணைக்கு இடமளிக்க வேண்டும் என்று விதி செய்தது. அபராதம் கட்ட முடியாமற்போனதற்காக லைசென்ஸை நிறுத்திவைக்கும் வழக்கத்தையும் 2017-ஆம் ஆண்டில் சட்டசபை ஒழித்தது. வரும்படி குறைந்தவர்கள் தொகையைக் குறைக்கவும் தவணையில் கட்டவும் விண்ணப்பிக்கலாம்.

செலவுக் கணக்குப் போடுபவர்கள் கணக்கை முழுமையாகப் போட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பதிவேடு களங்கமற்றிருந்து, வேகமீறலும் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்திருந்தால், அபராதத்தோடு டிராஃபிக் ஸ்கூல் கட்டணத்தையும் கட்டி, எட்டு மணி நேரப் பாடத்தை முடித்து, புள்ளியை இன்ஷூரன்ஸ்காரர் கண்ணுக்கு மறைத்துக்கொள்வது உசிதமே. ஆயினும் அந்தச் சலுகை பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறைதான். விசாரணையில் தோற்ற பிறகு அதைக் கொடுப்பது நியாயாதிபதியின் விவேகத்தைப் பொறுத்தது என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வாறு நிறுத்துப் பார்த்துப் பணம் கட்டத் தீர்மானிப்பவரோடு எனக்குச் சச்சரவில்லை. நிறுத்துப் பார்க்காமலே, “நம்மால் என்ன முடியும்” என்று கட்டுபவரைக் குறித்தே இத்தனையும் எழுதுகிறேன்.

மூன்றாவது காரணம் தர்மத்தின் பெயரால் வருவது. ஆகையால் அதற்குத்தான் மிகவும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். வேகம் உயிரைக் குடிக்கிறது. அதை நான் லேசாகக் கருதவில்லை. ஆனால் “குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை” என்று நியாயஸ்தலத்தில் சொல்வது பொய் சொல்வதாகாது. குற்றம் சாட்டிய அரசாங்கமே அதை நிரூபிக்கட்டும் என்பதே அதன் பொருள். சந்தையில் எடைக்கல்லைக் காட்டச் சொல்கிறவர் கடைக்காரரைத் திருடர் என்கிறவரல்லர். எடை சரியாக இருந்தால் காட்டுவதில் கடைக்காரருக்கும் நஷ்டமில்லை. பொய் என்பது வேறு: எழுத்து விசாரணையில் ஓட்டுநர் கையெழுத்திடும் விளக்கம், பொய்யானால் தண்டனைக்குள்ளாவேன் என்ற உறுதிமொழியின்மேல் எழுதப்படுவது, அதில் நடவாததை நடந்ததாக எழுதுகிறவர் அபராதத்தைத் தவிர்க்கப் போய்ப் பெருங்குற்றம் செய்கிறார். நிரூபணத்தைக் கோருவதற்கும் நிரூபணத்தைத் திரிப்பதற்கும் உள்ள இந்த வேற்றுமையை உணராமல், இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நாணயமின்மை என்பது தர்ம விசாரமாகாது.

நிரூபணம் கோருவது ஏன் பிரஜையின் கடமையும் ஆகிறது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. ஒஹையோ மாநிலத்தில் ஊர்த் தலைவரே நியாயாதிபதியாக அமர்ந்து அபராதம் விதிக்கும் கோர்ட்டுகள் இருந்தன. குற்றத் தீர்ப்பளித்தால் மட்டுமே வசூலாகும் கோர்ட்டுச் செலவுத்தொகையில் ஒரு பங்கு தலைவருக்கே சேர்ந்த ஏற்பாட்டை 1927-ஆம் ஆண்டில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கண்டித்தது. 1972-ஆம் ஆண்டில் மான்ரோவில் என்ற சிற்றூரின் போக்குவரத்து வழக்கு வந்தபோது, பணம் தலைவரின் சொந்தப் பைக்குப் போகாவிட்டாலும், ஊரின் வருமானத்தில் கணிசமான பகுதி அபராதத்திலிருந்தே கிடைக்கையில் ஊரின் நிதிக்குப் பொறுப்பாளியான அவர் நடுநிலையாளராக இருக்க முடியாது என்று அதே கோர்ட் தீர்த்தது. 2015-ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரைக் குறித்து அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கை, அங்கே போலீஸும் கோர்ட்டும் பொதுஜன பாதுகாப்பைவிட வருமானத்தையே நோக்கமாகக் கொண்டு இயங்கியதை விரிவாக எடுத்துரைத்தது. கலிபோர்னியாவின் கோர்ட்டுகள் அத்தகையன என்று நான் சொல்லவில்லை. அபராதம் வருமானமாகும் எந்த இடத்திலும், கேட்பாரற்ற நிலையில் அதிகாரம் எப்படிச் சரிகிறது என்பதற்காகவே இவற்றைக் காட்டினேன். மான்ரோவில் வழக்கைக் கொண்டுபோனவரும் பெரிய மனிதரல்லர். தமக்கு விதித்த போக்குவரத்து அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிட மறுத்தவர்.

இந்த வாதத்தைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கத்துக்கு ஒரேயடியாகச் சாய்ந்துவிடுவோரும் உண்டு. அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டிக்கெட்டில் காரின் நிறம் பிழையாக எழுதப்பட்டிருந்தால் வழக்கு தள்ளுபடியாகிவிடும், தேதியை இழுத்தடித்துக்கொண்டே போனால் போலீஸ்காரர் வரமாட்டார் என்று மந்திரங்கள் உபதேசிக்கிறார்கள். போலீஸ்காரர் வராவிட்டால் சாட்சியில்லாமையால் வழக்கு தள்ளுபடியாவது சாதாரணமாக நடப்பதே. ஆனால் அதையே நம்பி ஒன்றும் தயார் செய்யாமல் போகிறவர், அவர் வந்து நின்றதும் திகைத்து நிற்பார். எழுத்துப் பிழை, வழக்கின் சாரத்தைத் தொடாதவரையில், நியாயாதிபதியின் முகத்தில் சலிப்பைத்தான் வரவழைக்கும். வக்கீலில்லாமல் ஒன்றும் நடவாது என்பவர்களும், தந்திரத்தால் எல்லாம் நடக்கும் என்பவர்களும் பார்வைக்கு விரோதிகளாகத் தோன்றினாலும், நிரூபணத்தில் நம்பிக்கையில்லாதவர்கள் என்ற வகையில் ஒரே கட்சிக்காரர்கள்தாம்.

வக்கீல் வேண்டிய இடங்களை நான் மறைக்கவில்லை. அபாயகரமாக ஓட்டியதென்னும் மேற்குற்றம் சாட்டப்பட்டவர், விபத்தில் பிறருக்குக் காயம் நேர்ந்தவர், மணிக்கு நூறு மைலைத் தாண்டியதாக எழுதப்பட்டு இரண்டு புள்ளியும் லைசென்ஸ் நிறுத்தமும் எதிர்நோக்கியவர், லாரியோட்டிப் பிழைக்கிறவர், ஏற்கெனவே புள்ளிகள் சேர்ந்து லைசென்ஸ் ஊசலாடுகிறவர், குடியேற்ற நிலைமை சிக்கலானவர் ஆகியோர் வக்கீலின் ஆலோசனையை நாடுவதே உத்தமம். உள்ளூர்க் கோர்ட்டின் போக்கைப் பழக்கத்தால் அறிந்த வக்கீலின் அனுபவத்துக்கும் மதிப்புண்டு. ஆனால் இவை விலக்குகள். விலக்கையே விதியாக்கி, தினந்தோறும் எழுதப்படும் சாதாரண டிக்கெட்டுகளுக்கும் அதே அச்சத்தைப் பரப்புவதற்கு இவை ஆதாரமாக மாட்டா.

ஆகவே டிக்கெட்டோடு வருகிற நண்பருக்குச் சொல்ல வேண்டிய புத்திமதியின் வரிசை மாற வேண்டும். முதலில் அதில் எழுதியுள்ள பிரிவின் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிலளிக்க வேண்டிய தேதியைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தச் சாலைக்குத் திரும்பிப் போய்ப் பலகையையும் வளைவையும் படமெடுக்கச் சொல்லுங்கள். போக்குவரத்து ஆய்வின் தேதியைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நினைவு மங்குமுன் நடந்ததை எழுதிவைக்கச் சொல்லுங்கள். இவ்வளவும் ஆனபின், கட்டுவதா, எழுத்தில் வழக்காடுவதா, நேரில் நிற்பதா, வக்கீலிடம் போவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் அது விஷயம் தெரிந்து எடுத்த தீர்மானமாக இருக்கும். அவர் தோற்கலாம், ஆனால் அந்த இருபது நிமிஷ விசாரணையில் அரசாங்கம் தன் சுமையைச் சுமந்து காட்டித்தான் வென்றிருக்கும். அதைச் சுமக்கும்படி கேட்க ஒரு பிரஜைக்குப் பட்டம் வேண்டியதில்லை.